பிரசவப் பணம் யார் தயவும் அல்ல
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கிராணி மனது வைத்தால்தான் பிரசவப் பணம் கிடைக்கும்" என்று இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். நானும் கிராணிதான். என் மனதுக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. சமூகநல இலாகாவில் மனுப் போட்டு வாங்கும் குழந்தை உதவித் தொகை வேறு. இது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முதலாளி கொடுத்தே தீரவேண்டிய பணம்.

முன்பு 60 நாள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்பத்தில் 98 நாள். பிரசவத்துக்கு முந்திய 9 மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். கடைசி 4 மாதத்திலும் கொஞ்ச நாளாவது இருந்திருக்க வேண்டும். இங்கேதான் சங்கடம்! புருஷனோடு நிரைக்குப் போய், மங்கு துடைத்து, பால் சுமக்கிறாள். செக்ரோலிலோ புருஷன் பேர் மட்டும். பேரில்லாதவள் எதைக் காட்டிக் கேட்பாள்? மாசமாகும் முன்பே பேரைப் பதியச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

உயிரோடுள்ள பிள்ளைகள் ஐந்தாகிவிட்டால் லீவு உண்டு, பணம் இல்லை. எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை, மறைப்பதற்குமில்லை.

பிரசவத்துக்கு முந்திய 60 நாளுக்குள் ஆபீசில் தகவல் கொடுங்கள். கொடுக்காவிட்டால், கொடுக்கும்வரை பணத்தை நிறுத்தி வைக்கலாம். "எனக்கு வேண்டாம்" என்று வேலை ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கியிருந்தாலும் அது செல்லாது.

தகப்பன்மாருக்கும் 7 நாள் சம்பள லீவு உண்டு. 12 மாத சர்வீஸ் வேண்டும். அது வீட்டில் கஞ்சி வைப்பதற்கு, கடைத்தெருவில் உட்காருவதற்கு அல்ல!

பிள்ளைத்தாய்ச்சிகள் கூட்டம் முடிந்ததும் சம்பளச் சீட்டோடு என்னிடம் வாருங்கள். நாட்களை எண்ணிப் பார்த்துவிடுவோம்.