பேச்சுரிமையும் புதுக்கருவியும்



அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950-ஆம் ஆண்டிலேயே நம் பேச்சுரிமை சோதனைக்கு உள்ளாயிற்று. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ்ரோட்ஸ்' என்னும் வார இதழ் தன் எல்லைக்குள் நுழையலாகாது எனச் சென்னை அரசாங்கம் தடை விதித்தது. ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். கருத்தைப் பரப்பும் உரிமையும் பேச்சுரிமையில் அடங்கியதே என்று கூறி, மே 26-ஆம் நாள் நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. மறு ஆண்டே அரசியலமைப்பு திருத்தப்பட்டது. பொது ஒழுங்கின் பொருட்டும் பேச்சைக் கட்டுப்படுத்தலாம். ஆயினும் அக்கட்டுப்பாடு நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்றாயிற்று.

இதழென்றால் அதில் அச்சிட்டவர் பெயரும் ஊரும் உண்டு. பிழை நேர்ந்தால் கேட்க ஆள் உண்டு. கைப்பேசியில் கைமாறி வரும் செய்திக்கோ ஊருமில்லை, பேருமில்லை. 2018-ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர் என்ற வதந்தி வாட்ஸப் வழியே பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரைக் கும்பல் அடித்தே கொன்றது.

அப்படியாயின் கடுஞ்சட்டம் ஒன்று போதாதோ என்பீர்கள். அதனையும் பார்த்துவிட்டோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் சேர்க்கப்பட்ட 66-ஏ பிரிவு, பிறருக்குத் 'தொல்லை' தரும் செய்தியையும் குற்றமாக்கிற்று. எது தொல்லை? வரையறை இல்லை. 2012-இல் மராட்டிய மாநிலம் பால்கரில், கடையடைப்பைக் குறைகூறி எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதனை விரும்பியதாகக் குறியிட்ட தோழியும் கைதாயினர். 2015 மார்ச் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அப்பிரிவையே செல்லாதென்றது. விவாதித்தல், பரிந்து பேசுதல், தூண்டிவிடுதல் என மூன்றையும் அது வேறுபடுத்திக் காட்டிற்று.

எங்கள் வாலிநோக்கத்து உப்பளத்தை வைத்து இதனை விளக்குவேன். கூலி போதுமா என்று பேசுவது விவாதம். உயர்த்தியே ஆகவேண்டும் என்பது பரிந்துபேசல். உயர்த்தாதவன் வீட்டைக் கொளுத்துங்கள் என்பதோ தூண்டுதல். முதலிரண்டும் எத்துணை கசப்பாயினும் உரிமையே. மூன்றாவதற்கே சட்டத்தின் கை நீளலாம்.

எனினும் தூண்டுதலாய்த் தோன்றாத பொய்யும் உயிரைக் குடிக்கும் என்பதை அம்மூதாட்டியின் முடிவு காட்டுகிறது. எல்லா வாய்க்கும் பூட்டுப் போட்டால் மெய்யும் உடன் அடைபடும். ஆகவே காவல் நம் விரலிலேயே தொடங்கவேண்டும். சொன்னவர் யார், எங்கே, என்று நடந்தது எனக் கேளுங்கள். விடை இல்லையேல், அச்செய்தி உங்களோடு நிற்கட்டும்.