மலைப் பயணத்தில் உயிர்த்துணை

திருவண்ணாமலை என்ற பெயரைக் கேட்டவுடன் கார்த்திகைத் தீபமும் கிரிவலமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அம்மாவட்டத்தில் வேறொரு மலையும் உண்டு. நகரத்துக்கு வடமேற்கே, செங்கத்துக்கும் போளூருக்கும் அப்பால், தொடர் தொடராக எழுந்து நிற்கும் ஜவ்வாது மலையையே நான் குறிப்பிடுகிறேன். சேயாறு பிறப்பது இம்மலையில்தான். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், மலையாளி என்னும் பெயருடைய, தமிழ் பேசும் பழங்குடி மக்கள் சாமை முதலிய தானியங்களை விளைவித்து வாழ்கின்றனர்.

விடுமுறை வந்தால், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகளில் இத்தகைய மலைகளை நாடிச் செல்லும் இளைஞர்கள் இன்று பலர். தார்ச்சாலை முடியும் இடத்திலேதான் அவர்களுடைய பயணம் தொடங்குகிறது. வனத்துறையின் இசைவு பெற்று, காட்டுக்குக் கேடு செய்யாமல் போய்வருவதை நான் குறைகூற வரவில்லை. அவர்கள் வண்டியில் இழுவைக் கயிறு இருக்கும், மண்வெட்டி இருக்கும், மாற்றுச் சக்கரமும் இருக்கும். வண்டி பழுதுபட்டால் செய்ய வேண்டியதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மனிதருக்கு இடர் நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் அவ்வாறே எண்ணிப் பார்த்திருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

இக்கேள்வி இந்நாட்டுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது, பெருங்கௌசிகனார் பாடியது. அதன் தலைவன் நன்னன். அவன் ஊராகிய செங்கண்மா இன்றைய செங்கமே என்பர் அறிஞர். அவனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியின் இடர்களைப் புலவர் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். பாம்பு ஒடுங்கும் குழிகள் உண்டு, பார்த்து நடங்கள் என்கிறார். வழி தவறினால் மேலும் அலையாமல் நின்று உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள், காடு காக்கும் கானவர் விரைந்து வருவர் என்கிறார். வழிகள் பிரியும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் இடுங்கள் என்கிறார். இடரை முன்னறிதல், நின்ற இடத்திலிருந்து செய்தி விடுத்தல், போன வழியைப் பிறர் அறியச் செய்தல் என்னும் இம்மூன்றும் இன்றும் மலைப் பயணத்தின் அடிப்படை விதிகளாகவே இருக்கின்றன.

முதலில் மருந்துப் பெட்டியைப் பார்ப்போம். நோயைத் தீர்ப்பது அதன் வேலையன்று. மருத்துவரை அடையும்வரை உயிரைக் காத்து வைப்பதே அதன் வேலை. கையிலோ காலிலோ பெரிய குருதிக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகக்கூடும். ஆகவே தூய துணித்திண்டுகளும், சுற்றுக்கட்டுகளும், கையுறைகளும் பெட்டியின் மேற்பகுதியிலேயே இருத்தல் வேண்டும். காயத்தின்மீது திண்டை வைத்து விடாமல் அழுத்துவதே முதற்பணி. அதற்கும் அடங்காத பெருக்குக்கு மட்டும், காயத்துக்கு மேலே கட்டும் இறுக்குப் பட்டை ஒன்று தேவை. கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளவும் வேண்டும். முறிந்த எலும்பை அசையாமல் நிறுத்த மரச்சட்டங்களும், வெயிலாலும் வயிற்றுப்போக்காலும் வற்றிய உடலுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் இருக்கட்டும். பொட்டலத்தின் மீது குறித்துள்ள அளவு நீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், அதனைக் கரைத்தல் வேண்டும். அளவு குறைந்தாலும் மிகுந்தாலும் பயன் கெடும்.

பாம்புக்கடியைத் தனியே சொல்ல வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிடுகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சுக்கும் முறிமருந்து நம் நாட்டில் உண்டு. அதற்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவோரில், 1978இல் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் முதன்மையானவர். ஆனால் அம்மருந்தைப் பயணப் பெட்டியில் வைத்துச் செல்லலாகாது. குதிரையின் குருதியிலிருந்து பெறப்படுவதால் அது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். மருத்துவர் கண்காணிப்பிலேயே அதைச் செலுத்த வேண்டும். கடித்த இடத்தை அறுப்பதும், வாய்வைத்து உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீமையே விளைக்கும். கடிபட்டவரை நடக்கவிடாமல், உறுப்பை அசையாமல் நிறுத்தி, மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதே செய்யத்தக்கது. ஆகவே பாம்புக்கடிக்குப் பெட்டியில் மருந்து இல்லை. விரைவான செய்தியே மருந்து.

இனிச் செய்திக் கருவிகள். மலை முகடு இடையே நின்றால் கோபுரத்தின் அலை பள்ளத்தாக்கை எட்டாது. அவ்விடத்தில் கைப்பேசியை எத்தனை முறை அழுத்தினும் பயனில்லை. இருவர் உயரமான இடத்துக்கு ஏற, மற்றவர் நோயாளியுடன் இருத்தல் வேண்டும். இதனால்தான் தனி வண்டியில் ஓரிருவராகச் செல்லலாகாது என்கிறோம். பேச்சுக்குப் போதாத அலையிலும் குறுஞ்செய்தி சென்றுவிடுவதுண்டு. நம் நிறுவனத்தின் அலை கிட்டாதபோதும், வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டுமானால் 112 என்னும் அவசர அழைப்பு அதன் வழியே செல்லக்கூடும். மருத்துவ ஊர்திக்குரிய எண் 108 என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஜி.பி.எஸ். கருவியைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. அது செயற்கைக்கோள்களின் குறிப்பைப் பெற்று நாம் நிற்கும் இடத்தை நமக்குக் காட்டும். பிறருக்குச் செய்தி அனுப்பாது. ஆயினும் அது காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மூன்று தசம இடம்வரை சொன்னால், தேடி வருவோர் 100 மீட்டர் அளவு நெருக்கத்தில் வந்து சேரலாம். செயற்கைக்கோள் தொலைபேசி எங்கும் பேசும். ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அதை வைத்திருத்தல் குற்றம். அமெச்சூர் வானொலிக்கோ, 12 வயது நிறைந்த மாணவரும் தேர்வு எழுதி உரிமம் பெறலாம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையால் அந்தமானின் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, அங்கு முகாமிட்டிருந்த அமெச்சூர் வானொலியாளரே செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினர். எளிய ஊதுகுழலும் கருவியே. நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலையேறுவோர் உலகெங்கும் அறிந்த அபாயக் குறி.

மருந்தும் செய்தியும் இணைந்தால் விளையும் பயனை ஆஸ்திரேலியா காட்டியது. மக்கள் அருகி வாழும் அதன் உட்பகுதிக்கு, 1928இல் ஜான் ஃபிளின் விமான மருத்துவப் பணியைத் தொடங்கினார். ஆல்பிரட் டிரேகர், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியை அமைத்துத் தந்தார். 1942 முதல், பண்ணை வீடுகளில் வைக்கப்பட்ட மருந்துப் பெட்டியின் ஒவ்வொரு பொருளுக்கும் எண் இடப்பட்டது. தொலைவிலிருக்கும் மருத்துவர் இன்ன எண்ணை எடுத்துக் கொடு என்று வானொலியில் சொல்வார். மருந்தின் பெயர் அறியாதவரும் கொடுப்பார். நம் பெட்டியிலும் எண்ணிட்டு, மூடியின் உட்புறம் பட்டியல் ஒட்டுவதற்குச் செலவு ஏதுமில்லை.

நமக்கு ஒருநாள் அனுபவமாகிய இத்தனிமை, மலைவாழ் மக்களுக்கு ஆண்டு முழுதும் உள்ள வாழ்க்கை. 2023 மே மாதத்தில், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில், பாம்பு கடித்த குழந்தை ஒன்று மருத்துவமனை சேர்வதற்குள் இறந்தது. சரியான சாலையில்லாமையால் உடலை ஏற்றி வந்த ஊர்தி பாதிவழியில் நின்றுவிட, தாய் தன் குழந்தையைக் கையில் ஏந்தி மலைமேல் நடந்தாள். அங்கே வேண்டுவது சாலையும், கோபுரமும், அருகில் ஒரு மருத்துவ நிலையமும் ஆகும். அவை எல்லா மலைகளுக்கும் வந்து சேரும்வரை, அவ்வழிச் செல்லும் நம் வண்டியும் பெட்டியும் அவர்களுக்கும் உரியவை என்று கருதுதல் நம் கடமை.

மாணவ நண்பர்களே, செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சு சங்கமும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. பெட்டியை வாங்குமுன் அதைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள். புறப்படுமுன், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துச் செல்லுங்கள். அந்நேரம் கடந்தால் யாரை அழைப்பது என்பதையும் அத்தாளிலேயே எழுதுங்கள். புலவர் அன்று முடியச் சொன்ன புல்லுக்கு இன்று அத்தாளே ஈடாகும்.