தாதியின் அறிவு

கம்பளையிலிருந்து நுவரெலியாவை நோக்கி மலையேறும் நெடுஞ்சாலையிலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் புசல்லாவை. தோட்டத்து லயத்திலே நள்ளிரவில் ஒருவருக்கு நோய் கடுமையானால், அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பதே பெரும்பாடு. அங்கும் தீராத நோயாயின், கம்பளைக்கும் அதற்கப்பால் பேராதனைக்கும் கண்டிக்கும் மலைப்பாதையில் இறங்க வேண்டும். இத்தகைய இடத்தில், வைத்தியரை இப்பொழுதே அழைப்பதா, விடியும்வரை பொறுப்பதா என்பது உயிரைப் பற்றிய வினா. அவ்வினாவை முதலில் எதிர்கொள்பவர் பெரும்பாலும் தாதியே.

மருத்துவத்தின் கூறுகளை நான்காக வகுத்த திருவள்ளுவர், நோயுற்றவர், வைத்தியர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிபுரிபவரையும் சேர்த்தே எண்ணினார். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே, நோயாளியைக் கூர்ந்து நோக்குவது பற்றித் தனி அதிகாரம் ஒன்றை எழுதினார். ஏவியதைச் செய்வது மட்டும் தாதியின் தொழிலன்று. கண்டதை ஆராய்ந்து துணிவதும் அத்தொழிலே.

அவ்வறிவு விடுதிக்கு விடுதி வேறுபடும். பிரசவ விடுதியை எடுத்துக்கொள்வோம். பிள்ளை பெற்ற தாய்க்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் இரத்தம் போனால் ஆபத்து. ஆனால் துணியில் ஊறிய இரத்தத்தைக் கண்ணால் அளத்தல் அரிது. எனவே தாதி தாயின் வயிற்றில் கைவைத்துப் பார்க்கிறார். கருப்பை பந்துபோல் இறுகியிருந்தால் ஆறுதல். தளர்ந்திருந்தாலோ, அதனைத் தேய்த்து இறுகச் செய்துகொண்டே வைத்தியரை அழைப்பிக்கிறார்.

சிறுவர் விடுதியிலே மூச்சை எண்ணுவது முதன்மையானது. இரண்டு மாதம் நிறைந்து ஒரு வயது நிரம்பாத குழந்தை, இருமலோடு நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், நியுமோனியா என ஐயுறல் வேண்டும்.

பெரியோர் விடுதியிலே, கொழும்பில் வேலைபார்த்துக் காய்ச்சலோடு ஊர் திரும்பிய இளைஞன் ஒருவன் படுத்திருக்கிறான் எனக் கொள்வோம். காய்ச்சல் இறங்கியதும் வீட்டார் மகிழ்கின்றனர். டெங்கு நோயின் போக்கை அறிந்த தாதியோ அப்பொழுதுதான் கூடுதலாக விழித்திருக்கிறார். காய்ச்சல் தணியும் வேளையிலேயே இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். இரத்த அழுத்தத்தின் மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் உள்ள இடைவெளி 20க்குச் சுருங்கினால், ஒரு கணமும் தாமதித்தல் ஆகாது. 2017ஆம் ஆண்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட இலங்கையில் இவ்வறிவு காத்த உயிர்கள் பல.

அமெரிக்கத் தாதியியல் அறிஞர் பற்றீசியா பென்னர், தாதியின் தேர்ச்சியை 1984ஆம் ஆண்டில் ஐந்து படிகளாக விளக்கினார். முதற்படியில் நிற்பவர் விதிகளைப் பற்றி நடக்கிறார். கடைசிப் படியை எய்தியவரோ, பல நோயாளரைக் கண்ட பழக்கத்தால் நிலைமை முழுவதையும் ஒருங்கே உணர்கிறார். ஏதோ சரியில்லை என்று மனம் உறுத்தும்போது மீண்டும் நாடியைப் பார்ப்பதும், உறங்கும் வைத்தியரைத் தயங்காமல் எழுப்புவதும் அப்பழக்கத்தின் பயன்.

ஆயினும், கண்ணும் கையும் அறியாததைக் காது அறிய வேண்டும். 'காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை', 'கண் இருட்டிக்கொண்டு வருகிறது' என்று கொழுந்து பறிக்கும் தாய் தமிழில் சொல்வது, சிங்களம் மட்டுமே அறிந்த தாதிக்கு விளங்காவிடின், எவ்வளவு கற்றவரும் பாதிச் செய்தியைக் கொண்டே முடிவெடுக்க நேரும். அது அத்தாதியின் குற்றமன்று. தாதியர் பயிற்சிக்கு உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்றிருத்தல் வேண்டும். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளுள் அவ்வகுப்பு நடைபெறுபவை சிலவே.

ஆதலால், புசல்லாவைத் தோட்டமொன்றின் பெண்பிள்ளை விஞ்ஞானம் படிக்க விரும்பினால், அது நமக்கு எட்டாது என்று பெற்றோர் தடுத்துவிடலாகாது. இன்று அவள் கற்கும் பாடம், லயத்திலிருந்து சுமந்துவரப்படும் ஒரு தாயின் சொல்லை நாளை அவள் விளங்கிக்கொள்ளவும், தக்க நேரத்தில் தக்க முடிவெடுக்கவும் உதவும்.