பக்கத்தின் நெற்றியில் இரண்டு சொற்கள்

 

அகராதி பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தவர்கள் சொற்பிறப்பையோ கலைச்சொல்லாக்கத்தையோ எதிர்பார்த்திருப்பார்கள். எனக்குத் தந்திருக்கும் நேரம் முழுவதையும் அகராதிப் பக்கத்தின் நெற்றியில் நிற்கும் இரண்டு சொற்களுக்கே செலவிடப் போகிறேன். ஒன்று அந்தப் பக்கத்தின் முதல் தலைச்சொல். மற்றது கடைசித் தலைச்சொல். டி.டி.பி. செய்பவர்கள் ஹெட்டர் என்பார்கள். நான் பக்கத்தலைப்பு என்கிறேன். அகராதியைப் புரட்டும் எல்லாரும் அதைப் பார்க்கிறோம், ஒருவரும் படிப்பதில்லை.

இதைச் சிதம்பரத்தில் பேசப் பொருத்தம் உண்டு. தமிழ்ச் சொற்களை முதலெழுத்தின் அகரவரிசையில் அடுக்கி, நூலின் பெயரிலேயே 'அகராதி' என்று வைத்தவர் சிதம்பரம் ரேவண சித்தர். அவருடைய 'அகராதி நிகண்டு' 1594இல் எழுந்தது. ஆங்கிலத்தில் ராபர்ட் காட்ரியின் அகரவரிசைச் சொல்நூல் வந்தது 1604இல். நம்மவர் பத்தாண்டு முந்தி. பெருமைக்காகச் சொல்லவில்லை; சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

அதற்கு முந்தைய நிகண்டுகளான திவாகரமும் பிங்கலமும் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தவை. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில் எதுகை, அதாவது இரண்டாம் எழுத்து, வரிசையை நடத்துகிறது. மனப்பாடம் செய்தவருக்கு அதுவே போதும். நூற்பா நாவில் இருக்கும்போது ஏட்டை ஏன் புரட்ட வேண்டும்? ஓலையின் ஓரத்தில் ஏட்டெண் இருந்தது, அவ்வளவுதான். படியெடுப்பவர் மாறினால் ஓலையின் அளவு மாறும், ஏடு முடியும் இடமும் மாறும். எல்லாப் படிகளிலும் ஒரே பக்கம் ஒரே சொல்லில் முடிவது அச்சு வந்த பிறகு கிடைத்த வசதி. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) சொல்லின் உள்ளெழுத்துகளையும் வரிசைக்குள் கொண்டுவந்தது. மனப்பாடம் இல்லாதவர் தேடிப் பார்க்கும் நூலாக அகராதி மாறியது அங்கேதான்.

ஈய எழுத்துக் காலத்தில் இந்த இரண்டு சொற்களும் கடைசியில்தான் வந்து சேரும். கம்பாசிட்டர் ஸ்டிக்கில் வரி கோத்துக் கேலித் தட்டில் இறக்குவார். புரூஃப் பார்த்துத் திருத்திய பிறகு பக்கம் கட்டுவார்கள். எந்தச் சொல் பக்கத்தில் முதலாவது, எது கடைசி என்பது அப்போதுதான் தெரியும். தெரிந்த பிறகு அந்தச் சொற்களைத் தனியே கோத்துத் தலையில் வைப்பார்கள். பக்கங்களைச் சட்டத்தில் வைத்துப் பாரம் முடுக்கும் நேரத்தில், விட்டுப்போன ஒரு பொருளைச் சேர்க்கச் சொல்லிப் பதிப்பாசிரியரிடமிருந்து நான்கு வரி வரும். கடைசிப் பதிவு அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும். அங்கே கடைசியில் இருந்தது அதற்கடுத்த பக்கத்துக்கு. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் பிரித்து மறுபடி கோக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளிவந்தது. 1,04,405 சொற்கள், பிற்பகுதிப் பணியை நடத்தியவர் ச. வையாபுரிப் பிள்ளை. அத்தனை பக்கத்தின் தலையும் கைவேலை. பதிப்பாசிரியர்களைப் போற்றும் நாம் அந்தக் கைகளைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.

கணினிக்கு இது எளிது என்று நினைக்கத் தோன்றும். டொனால்ட் குனுத் 1978இல் வெளியிட்ட டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைப் பாருங்கள். அது பத்தி பத்தியாகப் படித்துச் சேர்த்துக்கொண்டே போகும். பக்கம் நிரம்பி வழிந்த பிறகுதான் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யும். அந்த நேரத்தில் 'இப்போது எந்தச் சொல்லில் இருக்கிறாய்?' என்று கேட்டால், அடுத்த பக்கத்துக்குப் போகவேண்டிய சொல்லைச் சொல்லிவிடும். அதனால் ஒவ்வொரு தலைச்சொல்லோடும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தைச் செருகிவிட வேண்டும். பக்கம் வெட்டிய பின் அதிலுள்ள முதல் அடையாளம் எது, கடைசி எது என்று டெக் சொல்லும். முந்தைய பக்கத்திலிருந்து தொடர்ந்து வருவது எது என்பதையும் தனியாகச் சொல்லும்.

இந்த மூன்றாவதில்தான் பதிப்பாசிரியருக்கு வேலை. 'எடு' என்ற வினைக்குப் பொருள்கள் ஏராளம். அதன் வால் அடுத்த பக்கத்தின் தலையில் விழுகிறது. பிறகு எடுகூலி, எடுத்தாள் என்று போய் எடைக்கல்லில் பக்கம் முடிகிறது. தலைப்பில் 'எடு – எடைக்கல்' என்று போடுவதா, 'எடுகூலி – எடைக்கல்' என்றா? என் கட்சி இரண்டாவது. எடு தேடுபவரை முந்தைய பக்கத்தின் தலைப்பே நிறுத்திவிடும். பதிவின் தொடக்கமும் அங்கேதான் இருக்கிறது. பக்கம் முழுவதும் எடு மட்டுமே ஓடினால் புதிய அடையாளம் இராது. அப்போது மென்பொருள் தொடர்ந்து வரும் சொல்லையே தலைப்பின் இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளும். அது சரிதான். வேர்டிலும் இதற்கு வழி உண்டு: ஸ்டைல்ரெஃப் என்ற புலம். குறிப்பிட்ட ஸ்டைலில் உள்ள சொல்லைப் பக்கத்தின் மேலிருந்து தேடு, கீழிருந்து தேடு என்று இரண்டு விதமாக ஏவலாம். உள்பதிவாக வரும் கூட்டுச்சொல்லுக்கும் அதே ஸ்டைலைக் கொடுத்தால் கூட்டுச்சொல் தலைப்பேறிவிடும். ஒரே வடிவமுள்ள வெவ்வேறு சொற்களுக்குத் தலையில் போடும் சிற்றெண்ணைப் பக்கத்தலைப்பிலும் விட்டுவைக்க வேண்டும். 'அரி – அரி' என்று இரண்டு பக்கம் அடுத்தடுத்து நின்றால் யாருக்குப் பயன்?

இனி வரிசை. யூனிகோட் எண்களைக் கொண்டு கணினி தானாக அடுக்கினால் ந-வை அடுத்து ன வந்துவிடும். 'அன்பு', 'அப்பளம்' என்பதற்கு முன்னால் போய் உட்காரும். வ-வுக்கு முன் ழ வருவதால் 'அழகு' முந்தும், 'அவல்' பிந்தும். புள்ளிக்குரிய எண் உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் 'அகல்' போன பிறகுதான் 'அக்கா' வருவாள். மெய்யை உயிர்மெய்க்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்பதைப் பதிப்பாசிரியர் முதல் நாளே தீர்மானித்து விதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் நிலைமை இன்னும் மோசம். ஒற்றைக்கொம்பை மெய்க்கு முன்னால் தட்டச்சு செய்ததால் கெடு, செடி, தெரு எல்லாம் கொம்பின் பெயரால் ஒரே கூட்டமாகிவிடும். அந்தக் கோப்புகளை இன்றும் வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொண்டு பிறகு அடுக்குங்கள்.

இந்தக் கோளாறுகளில் பல பக்கத்தலைப்பில்தான் முதலில் தெரியும். ஆகவே அச்சுக்குப் போகும் முன் தலைப்புகளை மட்டும் தனியே உருவி ஒரு பட்டியல் எடுங்கள். ஆயிரம் பக்க அகராதிக்கு இரண்டாயிரம் சொற்கள். இந்தப் பக்கத்தின் முதற்சொல் முந்தைய பக்கத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் வரவேண்டியதாக இருந்தால், அங்கே ஏதோ இடம் மாறியிருக்கிறது. பக்கத்தின் நடுவில் ஒளிந்த பிழையை இது பிடிக்காது, அதற்குப் புரூஃப்தான். மென்பொருளையே சரிபார்க்கச் சொல்லலாம், ஆனால் நீங்கள் கொடுத்த வரிசை விதி தப்பாக இருந்தால் தப்பையும் சரியென்றே சொல்லும். பட்டியலை, அந்த அகராதியில் வேலை செய்யாத, அகரவரிசை அத்துபடியான ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.