மெய் காணும் பணியில் மக்கள்: தைவான் அனுபவம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இதழியலும் புதிய ஊடகத் தொழில்நுட்பமும் குடிமக்களைப் பொதுவாழ்வில் எவ்வாறு ஈடுபடுத்துகின்றன, பொய்ச்செய்தியை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள். மிகப் பரந்த பொருள். பல நாடுகளைத் தொட்டுச் செல்வதைவிடத் தைவான் என்னும் ஒரு தீவில் நின்று பார்ப்பது நலம் எனக் கருதுகிறேன். 1949 முதல் 1987 வரை 38 ஆண்டுகள் இராணுவச் சட்டத்தின்கீழ் வாழ்ந்த மக்கள் அவர்கள். புதிய நாளிதழ் தொடங்குவதற்கிருந்த தடை அங்கு 1988 சனவரி முதல் நாளில்தான் நீங்கியது. எது உண்மை என்று அரசே சொல்லட்டும் என விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதைப் பட்டறிந்தவர்கள்.

2012ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு தன் பொருளாதாரத் திட்டத்திற்கு ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. திட்டம் சிக்கலானது, விளக்க நேரமில்லை, நம்பி வேலையைப் பாருங்கள் என்பதே அதன் சாரம். இதனால் சினமுற்ற கணினி நிரலாளர் சிலர், அரசின் வரவு செலவுத் திட்டத்தை எவரும் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளும் வண்ணம் படங்களாக்கி இணையத்தில் வைத்தனர். அரசுத் தளங்களின் முகவரியில் வரும் 'ஜி, ஓ, வி' என்னும் எழுத்துகளுள் நடுவிலுள்ளதை நீக்கிச் சுழியம் இட்டு, அதையே தம் இயக்கத்தின் பெயராக்கிக்கொண்டனர். அரசுத் தளத்தின் முகவரியில் அவ்வோர் எழுத்தை மாற்றித் தட்டினால் மக்கள் செய்த மறுபதிப்பு வந்து நிற்கும். குறும்புதான், ஆனால் பொருள் பொதிந்த குறும்பு.

அவ்வியக்கத்தார் 2014இல் செய்த ஒரு காரியத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேட்பாளர்கள் பெற்ற நன்கொடைக் கணக்குகள் அங்கே சட்டப்படி பொது ஆவணங்கள். ஆயினும் கண்காணிப்பு மன்றத்தின் அலுவலகத்திற்கே நேரில் சென்று பார்த்தல் வேண்டும். பணம் கட்டினால் தாளில் அச்சிட்டுத் தருவார்கள். கணினியில் தேடவோ கூட்டிப் பார்க்கவோ வழியில்லை. மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை! தன்னார்வலர்கள் அத்தாள்களை வாங்கி வந்து ஒளிப்படியாக்கி, கோடுகளின் வழியே கட்டம் கட்டமாகக் கணினியால் வெட்டினர். ஒரு கட்டத்தில் ஒரு பெயர். இன்னொன்றில் ஒரு தொகை. இணையத்திற்கு வருவோருக்கு ஒவ்வொரு கட்டமாகக் காட்டி, கண்டதைத் தட்டச்சு செய்யுமாறு வேண்டினர். விளையாட்டைப் போலவே இருந்தது. ஒரே நாளில் 9,000 பேருக்கு மேல் கூடி ஏறத்தாழ 3 லட்சம் கட்டங்களை எழுத்தாக்கி முடித்தனர். எந்த நாளிதழ் அலுவலகத்திலும் இத்தனை பேர் இல்லை. பணம் எங்கிருந்து எவருக்குச் சென்றது என்று செய்தியாளர்கள் ஆராய அதன்பின் வழி பிறந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, இக்கணக்குகளை அரசே இணையத்தில் வெளியிடலாயிற்று.

பொய்ச்செய்திக்கு வருவோம். நமக்கு வாட்ஸ்அப் எப்படியோ, தைவான் மக்களுக்கு 'லைன்' அப்படி. உறவினர் குழு, கோயில் குழு, குடியிருப்போர் குழு என அனைத்தும் சாத்திய அறைகள். உள்ளே உலவும் வதந்தி வெளியிலிருப்போர் கண்ணுக்குத் தெரியாது. பெற்றவர் தாமே எடுத்து நீட்டினாலன்றி ஆராய்வாருக்கு அது எட்டாது. 2016இல் இதே இயக்கத்தினுள் பிறந்த 'கோஃபேக்ட்ஸ்' இவ்விடத்தில்தான் கைவைத்தது. ஐயத்திற்குரிய செய்தியை அதன் கணக்கிற்கு அனுப்பினால், முன்பே ஆராயப்பட்டதாயின் விடை உடனே வரும். புதியதாயின் பொதுப் பட்டியலில் சேரும். தன்னார்வலர் எவரும் சான்றுகளோடு விடை எழுதலாம். அவ்விடை பயனுள்ளதா என்று பிறர் மதிப்பிடுவர்.

இதில் என்னைப் பெரிதும் கவர்ந்தது, விடைகளை அவர்கள் வகுத்துள்ள முறை. தவறான தகவல் உள்ளது, சரியான தகவல் உள்ளது, ஆராய்வதற்குரியதன்று என்னும் மூன்றோடு, 'தனிமனிதக் கருத்து அடங்கியது' என நான்காவது வகையும் உண்டு. கருத்து மெய்யும் ஆகாது, பொய்யும் ஆகாது. அதற்கு விடை எழுதுவோர் மாறுபட்ட பார்வையை எடுத்துக்காட்ட வேண்டும். இலக்கிய விமரிசனத்தில் நாம் கூடப் பல வேளைகளில் மறந்துவிடுகிற வேறுபாடு இது.

இத்தரவுகளைக் கொண்டு 2018இல் வேறொருவர் 'மேயூ சித்தி' என்னும் நிரலை ஆக்கினார். குடும்பக் குழுவில் சேர்த்துக்கொண்டால், பொய்ச்செய்தி வரும்போதெல்லாம் சித்தி தாமே திருத்தம் சொல்வார். பெரியப்பா அனுப்பிய மருத்துவக் குறிப்பு தவறென்று பிள்ளைகள் எவ்வாறு சொல்வது? அந்தச் சங்கடம் நமக்கும் புதிதன்று. ஆனால் சித்தி திருத்த வேண்டுமாயின், குழுவினர் பேசுவதனைத்தையும் படித்தாக வேண்டும். அந்தரங்கம் என்னாவது என்ற கேள்வி எழுந்தது, நியாயமான கேள்வியே.

கருவிகள் இருந்தும் தோல்வி நேர்ந்ததுண்டு. 2018 செப்டம்பரில் வீசிய புயலால் ஜப்பானின் கன்சாய் விமான நிலையத்தில் பயணிகள் சிக்கினர். சீனத் தூதரகம் நிலையத்திற்குள்ளேயே பேருந்துகளை அனுப்பித் தன் மக்களை மீட்டது, தைவான் அலுவலகம் கைவிட்டது என்று செய்தி பரவியது. உண்மையில் அனைவரையும் வெளியேற்றியது விமான நிலைய நிர்வாகமே. ஆயினும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ஆராயாமல் வதந்தியை வழிமொழிந்தன. கண்டனங்கள் குவிந்தன. ஒசாகாவிலிருந்த தைவான் அலுவலகத் தலைவர் செப்டம்பர் 14 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வதந்தி காரணமா, மேலிடத்து நெருக்கடி காரணமா என்பது பின்னர்ச் சர்ச்சையாயிற்று. விமான நிலையத்திற்குத் தொலைபேசியில் கேட்டிருந்தாலே விளங்கியிருக்கும்! நிருபர் செய்ய வேண்டிய அச்சிறு வேலையை எந்த நிரலும் அவருக்காகச் செய்துவிடாது.

அப்படியானால் அரசே ஆராய்ந்து முத்திரை இடட்டுமே என்பார் உளர். நம் நாட்டில் 2023இல் மத்திய அரசு, தன்னைப் பற்றிய செய்திகளுள் எவை பொய் எனத் தானே அறிவிக்கும் பிரிவுக்கு விதி செய்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அவ்விதி செல்லாதென்றது. வழக்காடுபவரே தீர்ப்பும் எழுதலாகாது என்பதால் அத்தீர்ப்பு எனக்கு உடன்பாடே.

அதே 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவர் சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் நடமாடுகிறது என்று கைப்பேசிகளில் உலவிய வதந்தியை நம்பியிருந்த ஊரார் அவரை அடித்துக் கொன்றனர். அந்த வதந்தியைப் பெற்றவர்களுள் ஐயம் கொண்டோர் சிலராவது இருந்திருப்பர். அவர்கள் யாரிடம் கேட்டிருக்க முடியும்?

நம் வட்டத்தில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மருத்துவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலரும் இருக்கிறார். மாதக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, அம்மாதம் ஊரில் உலவிய செய்திகளுள் மூன்றையேனும் ஆராய்ந்து, சான்றோடு விடை எழுதி, நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமே என்று செயற்குழுவிற்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். முதல் மாத வேலையை நான் ஏற்கிறேன்.