பிள்ளையோடு வந்தவர்



பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கே போன ஒரு தலைமையாசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அவர் சைக்கிளில் போய்ச் செய்ததைத்தான் குழந்தை மனநல மருத்துவம் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறது. அதனால் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் தியாகதுருகத்தில் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டு மையம் 1937-இல் பம்பாயில், டாட்டாவின் சமூகப் பணிக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. அதன் பிறகு வெகுகாலம் இந்தத் துறை பெரிய நகரங்களை விட்டு நகரவில்லை. 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் ஒன்று நம் திருச்சி. இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் அந்தத் திட்டம் இருக்கிறது. மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு குழு வட்ட மருத்துவமனைகளுக்குக் குறித்த நாளில் வந்து போகிறது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. விழுப்புரம் வரை போகவேண்டியிருந்த பல வேலைகள் பக்கத்தில் வந்துவிட்டன. ஆனால் வெள்ளிமலையில் இருப்பவருக்குக் கள்ளக்குறிச்சியே இன்னும் தூரம்தான். கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் பிடித்து இறங்கி, டாக்டரைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும்.

2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் மனநலப் பிரச்சினை இருப்பது தெரியவந்தது. அந்த வயதில் ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் எழுபதுக்கு மேல். அந்த எழுபது பேரும் யார் கண்ணிலும் படாமல் இருப்பதில்லை. ஒருவர் கண்ணில் பட்டது இன்னொருவர் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். 1960-களில் இங்கிலாந்தின் வைட் தீவில் மைக்கேல் ரட்டர் என்ற மருத்துவர் ஒரு வேலை செய்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த பிள்ளைகளோடு நிற்காமல், அந்தத் தீவில் குறிப்பிட்ட வயதிலிருந்த எல்லாப் பிள்ளைகளைப் பற்றியும் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் தனித்தனியே கேட்டார். பெற்றோர் கவலைப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் வேறு, ஆசிரியர் கவலைப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் வேறு. எங்கள் துறையில் இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு அதிகம் இல்லை என்பது என் எண்ணம். வீட்டில் வாயே திறக்காதவன் வகுப்பில் அடிதடி செய்வான். வகுப்பில் அடங்கி உட்கார்ந்திருப்பவள் வீட்டில் சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு கிடப்பாள். ஆகவே பிள்ளையோடு யார் வந்திருக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். அவர் எதைப் பார்த்திருக்க முடியும், எதைப் பார்த்திருக்க முடியாது என்பதிலிருந்துதான் என் வேலை தொடங்குகிறது.

எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் சர்டிபிகேட்டுக்காக வருகிறார்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு மாத உதவித்தொகை வாங்க அது வேண்டும். அதை நான் குறையாகவே நினைப்பதில்லை. கூலிவேலை செய்யும் தாய் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருவதற்கு அது நியாயமான காரணம். அந்தக் காகிதத்துக்காக வந்த இடத்தில்தான் பிள்ளைக்கு வலிப்பு இருப்பதும், அதற்கு மாத்திரை இலவசமாகக் கிடைப்பதும் தெரியவருகிறது. எட்டாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கமுடியாத பையனை ‘மக்கு’ என்று கூட்டிவருவார்கள். கணக்கை வாயால் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்வான். அது கற்றல் குறைபாடு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 21 வகைகளில் அதுவும் ஒன்று.

அடையாளங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். மலையடிவாரத்து ஊரிலிருந்து ஓர் ஆயா தன் பேரனைக் கூட்டிவந்தார். ஒன்பது வயது. “ராத்திரி படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிடறான் டாக்டரம்மா. நல்லா இருந்த புள்ளதான். சூடு வெச்சுங்கூடப் பாத்துட்டோம், நிக்கல” என்றார். அடிவயிற்றில் தழும்பு இருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். பொங்கல் கழிந்ததிலிருந்து என்றார். பொங்கல் கழிந்துதான் அவனுடைய அப்பாவும் அம்மாவும் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது போன் வரும். கிடைக்காத வாரம் வராது. சிறுநீரைச் சோதித்தோம், சர்க்கரையும் பார்த்தோம். கோளாறு இல்லை. மாத்திரை எழுதவில்லை. சூடு வைப்பதை நிறுத்தச் சொன்னேன். பொழுது சாய்ந்தபின் தண்ணீரைக் குறைத்து, படுக்கும் முன் ஒருமுறை வெளியே அனுப்பச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் என்று நாளும் பொழுதும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். படுக்கை நனையாத நாளைக் காலண்டரில் குறிக்கவேண்டும் என்றேன். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. அடுத்த முறை வந்தபோது மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்த காலண்டர் தாளை எடுத்துப் பிரித்தார். நனையாத நாள்களில் எல்லாம் குங்குமப் பொட்டு. முதல் இரண்டு வாரம் அங்கொன்று இங்கொன்று. அதற்குப் பிறகு வரிசையாக. பையன் தாளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினான்.

அந்தச் சிகிச்சையைச் செய்தவர் ஆயா. சென்னையில் எவ்வளவு பெரிய மருத்துவமனைக்கு அவனை அனுப்பியிருந்தாலும் அந்த ஆயா அங்கே வந்திருக்கமாட்டார்.

பெண்பிள்ளைகளுக்கு ‘காத்து கருப்பு’ பட்டுவிட்டது என்று வருவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு விழுவாள், கை கால் வெட்டும். மூளை மின்பதிவில் வலிப்பின் அடையாளம் இருக்காது. தாயத்து கட்டியிருப்பார்கள். அதைக் கழற்றச் சொல்வதில்லை. கட்டியவரும் அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார். தாயை வெளியே அமரச் சொல்லிவிட்டு, செவிலியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் பேசினால், பத்தாவது முடித்ததும் மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுக்கப் பேச்சு நடப்பது தெரியவரும். வாயால் ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமில்லாதவளின் உடம்பு அதைச் சொல்கிறது. அவள் நடிக்கவில்லை, அவளுக்கே அது தெரியாது. பதினெட்டு ஆகாமல் கல்யாணம் செய்வது குற்றம் என்று சொல்வதும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் சொல்வதும் என் வேலையில் சேர்த்திதான்.

கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த கருணாபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் பிள்ளைகளின் மனதைப் பற்றிப் பேசமுடியாது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அப்பா, அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5000 ரூபாயும், பெயரில் ஐந்து லட்சம் வைப்புத்தொகையும், படிப்புச் செலவும் என்று அரசு அறிவித்தது. அது வேண்டிய உதவி. அதோடு அந்தப் பிள்ளைகளின் துக்கமும் வளர்ந்துகொண்டே போகும் என்பதை நாம் தெரிந்துகொள்ளவேண்டும்.

நான்கு வயதுப் பிள்ளைக்குச் செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பது புரியாது. எட்டு, ஒன்பது வயதில்தான் அது முழுதாக உறைக்கும். அப்போதுதான் அந்தப் பிள்ளை தன் அப்பாவை உள்ளபடியே இழக்கிறது. அதற்குள் பெரியவர்கள் திதி கொடுத்து, படத்துக்கு மாலை போட்டு, தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டிருப்பார்கள். பிள்ளை பெரியவர்களைப்போல நாள் முழுக்க அழாது. கொஞ்சம் அழும், ஓடிப்போய் விளையாடும். அதைப் பார்த்து ‘சின்னதுக்கு என்ன தெரியும்’ என்று விட்டுவிடுவோம். வயிற்றுவலி, பள்ளிக்குப் போக அடம், தூக்கத்தில் அலறல் என்று அந்தத் துக்கம் வேறு வாசலில் வந்து நிற்கும்.

இன்னொன்று, இந்தப் பகுதிக்கே உரியது. இறந்தவரைப் பற்றி ‘அப்பா ஊருக்குப் போயிருக்காரு’ என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். வேறு ஊரில் அது சும்மா ஒரு சமாதானமாக இருக்கலாம். இங்கே கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் உண்மையிலேயே போன அப்பாக்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பையோடு வந்து இறங்குகிறார்கள். பக்கத்து வீட்டு அப்பா வந்துவிட்டார், என் அப்பா மட்டும் ஏன் வரவில்லை என்று அந்தப் பிள்ளை கேட்கும். நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன், அதனால்தான் வரவில்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொள்ளும். தயவுசெய்து பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். ‘அப்பா செத்துப்போயிட்டாரு. அவரு உடம்பு இனிமே எழுந்திருக்காது. நீ எதுவும் பண்ணல. நான் உன்கூட இருக்கேன்.’ இவ்வளவு போதும். சாராயச் சாவு நேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பதினெட்டு வயது வரை ஆண்டுக்கு ஒருமுறையாவது மனநலக் குழு நேரில் பார்க்கவேண்டும். வைப்புத்தொகைக்குப் பதிவேடு இருப்பதுபோல இதற்கும் ஒன்று வேண்டும் என்பது என் கோரிக்கை.

கல்வராயன் மலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பற்றியும் ஒன்று. பெற்றோர் வெளியூர் போகும் மாதங்களில் அந்தப் பள்ளிதான் பிள்ளைக்கு வீடு. அங்கே ஆசிரியரே ஆலோசகராகவும் இருக்கட்டும் என்று சொல்வது சுலபம். பீகாரின் நாளந்தா மாவட்டப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். ஒரே நிகழ்ச்சியைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் சூழலும் பிள்ளைகளின் மனநிலையும் தெளிவாக மேம்பட்டன. ஆசிரியர் நடத்திய இடங்களில் அப்படி நடக்கவில்லை. ஆசிரியர்மேல் குற்றமில்லை. மார்க் போடுகிறவரிடம் மனதைத் திறப்பது எந்தப் பிள்ளைக்கும் கடினம், அவருக்கும் தலைக்கு மேல் வேலை. அந்த ஆலோசகர் மனநல மருத்துவராக இருக்கவேண்டியதில்லை. மலையிலேயே பிறந்து பன்னிரண்டாவதோ பட்டமோ முடித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் மேலிருந்து வழிகாட்ட ஒருவரும் கொடுத்தால், பேச்சுவழக்குத் தெரிந்த, ஊர் தெரிந்த ஒருவர் அந்தப் பள்ளியில் கிடைப்பார்.

இங்கே இருக்கும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளையை எங்களிடம் அனுப்பும்போது ஒரு சீட்டு கொடுத்தனுப்புங்கள். ‘படிப்பு வராது’, ‘ஒழுங்கில்லை’ என்று எழுதவேண்டாம். எப்போதிலிருந்து மாறினான், எந்த வேளையில் அதிகம், யாரோடு சேர்ந்து உட்காருகிறான், மதியம் சாப்பிடுகிறானா, வீட்டில் இப்போது கூட இருப்பது யார் என்று எழுதுங்கள். கிளினிக் நாள் வரை காத்திருக்க முடியாத அவசரம் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள். எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முடிந்தால், வீட்டில் கூட இருக்கும் அந்த ஒருவரையே பிள்ளையோடு அனுப்பி வையுங்கள். வயதான ஆயாவாக இருந்தாலும் சரி, காதுகேளாதவராக இருந்தாலும் சரி. பேசிக்கொள்ள எங்களுக்கு வழி தெரியும்.