கடன் கேட்டு வரும் அழைப்பு



  

முச்சக்கரவண்டி லீசிங், கைத்தொலைபேசித் தவணை, கடனட்டை ஆகியவற்றில் இரண்டு மூன்று மாதங்கள் நிலுவை சேர்ந்துவிட்டால், அறியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பை வீட்டில் எவரும் எடுப்பதில்லை. வாசலில் ஆள் வந்து நின்றால், "வாப்பா இல்லை என்று சொல்" எனப் பிள்ளையை அனுப்புகின்றோம். கடன் பெற்றவர் தந்தை. பொய் சொல்லப் பழகுவதோ பிள்ளை. நபி (ஸல்) அவர்கள் தமது தொழுகையில் கடனை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். காரணம் வினவப்பட்டபோது, கடன் மனிதனைப் பொய்யனாகவும் வாக்கு மீறுபவனாகவும் ஆக்கிவிடுகிறது என்ற கருத்தில் பதிலளித்தார்கள். ஸஹீஹுல் புஹாரியில் இது பதிவாகியுள்ளது.

அதே கிரந்தத்தில் மற்றொரு சம்பவமும் உண்டு. கஃப் இப்னு மாலிக் (ரழி) அவர்கள், இப்னு அபீ ஹத்ரத் (ரழி) அவர்களிடம் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலிலேயே கேட்டார்கள். இருவரின் குரலும் உயர்ந்தது. வீட்டிலிருந்த நபியவர்கள் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு கஃபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் உடனே இணங்கினார். அடுத்த கணம் கடன்பட்டவரைப் பார்த்து, எழுந்து சென்று மீதியைக் கொடுக்குமாறு பணித்தார்கள். நாம் இச்சம்பவத்தின் முதற்பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கின்றோம். தள்ளுபடி கேட்கும் நாவுக்கு, மீதியைக் கட்டும் கையும் வேண்டுமல்லவா?

ஆகவே, அழைப்பை எடுங்கள். வட்டிக் கடனில் விழுந்தது தவறென்றால் தவ்பாச் செய்யுங்கள். அதற்காகப் பெற்ற பணத்தை மறுக்க இயலாது. நிறுவனத்துக்கு நேரில் சென்று, உங்கள் வருமானத்தைக் காட்டி, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை எழுத்தில் கொடுங்கள். கடனை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே நமக்குக் கட்டளையிடுகிறது. வாய்ப்பேச்சில் கிடைத்த சலுகையை, அதைத் தந்த அலுவலர் இடமாற்றம் பெற்றபின் எவரிடம் போய்க் கேட்பீர்கள்? பணம் வசூலிக்க வருபவர் அயலார் கேட்கச் சத்தமிட்டு அவமானப்படுத்தினால், அது முறையன்று. முதலில் அந்நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். தீர்வு கிடைக்காவிடின், 2020ஆம் ஆண்டு மத்திய வங்கியில் அமைக்கப்பட்ட நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்தை நாடலாம்.

"எனது பெயர் கிரிப்பில் விழுந்துவிட்டது, இனி வாழ்வே இல்லை" என்று கலங்கும் வாலிபர்கள் பலர். 'கிரிப்' என்பது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அனுப்பும் விபரங்களை அது பதிவு செய்கிறது. கடன் தருவதா மறுப்பதா என்று தீர்மானிப்பது வங்கியே. இஸ்லாமிய வங்கியில் பெற்ற முராபஹா வசதியின் நிலுவையும் அங்கு பதிவாகும் என்பதைப் பலர் அறியார். உங்களது அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டப்பட்டால், பற்றுச்சீட்டுடனும் கடன் தீர்த்த கடிதத்துடனும் கடன் தந்த நிறுவனத்திடம் திருத்தம் கோருங்கள். பணம் தந்தால் கிரிப்பைத் துப்புரவாக்கித் தருவதாகக் கூறும் தரகரிடம் ஏமாறாதீர்கள். உண்மையாகத் தவறிய மாதங்களை எவரும் அழித்துத் தர முடியாது. அவற்றுக்குப் பின்னால் ஒழுங்காகக் கட்டிய மாதங்களைச் சேர்ப்பது ஒன்றே வழி. அதற்குக் காலம் எடுக்கும்.

உண்மையாகவே இயலாதவர் வெட்கப்படத் தேவையில்லை. ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் கடனாளியும் ஒருவர். தமது பள்ளிவாசலின் ஸகாத் பொறுப்பாளர்களிடம் ஆவணங்களுடன் செல்லட்டும்.

பெற்றோர்களே, பிணைக் கையொப்பம் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று தீனார் கடனுடன் மரணித்த ஒருவரின் ஜனாஸாவைத் தொழுவிக்க நபியவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரழி) அவர்கள் அக்கடனைத் தாம் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். நண்பனின் லீசிங் பத்திரத்தில் உங்கள் மகன் இடும் கையொப்பமும் அத்தகைய பொறுப்பே. நண்பன் தவறினால் நிறுவனம் இவரையே தேடி வரும், கிரிப் அறிக்கையிலும் அப்பிணை இடம்பெறும். கையொப்பமிட முன்னர், அந்த முழுத் தொகையையும் தனியே கட்டும் வசதி தனக்கு உண்டா என்று அவரே கணக்குப் பார்க்கட்டும். இல்லையெனில், நட்பு முறியாத வகையில் மறுக்கும் வார்த்தையை நீங்கள் அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.